பழைய லேப்-டாப்பை ரிப்பேர் செய்வதா? புது கம்ப்யூட்டர் வாங்குவதா? ரிச்சி தெருவுக்கு கிளம்பும் முன்பு இதை படிங்க

சென்னை,

காலேஜ் திறக்கும் சமயத்தில் சென்னை ரிச்சி தெருவுக்கு போனால் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். அப்பா தோளில் பழைய லேப்-டாப் பை தொங்கும். பக்கத்தில் மகனோ, மகளோ நிற்பார்கள். கடைப்படி ஏறும்போது "ஐநூறு, ஆயிரத்துல முடிஞ்சிடும்" என்ற நம்பிக்கை முகத்தில் இருக்கும். இறங்கும்போது அந்த முகம் வாடிப்போய் இருக்கும்.

"சார், போர்டு போயிடுச்சு. இதுக்கு 7 ஆயிரம் செலவு பண்றதுக்கு பேசாம புதுசா ஒரு டெஸ்க்-டாப் வாங்கிடுங்க" என்று கடையில் சொன்னதும் பாதி பேருக்கு கை கால் ஓடாது. சரி என்று தலையை ஆட்டி விடுவார்கள். மறுநாள் நகை அடகு கடைக்கு போகும்.

கடைக்காரர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் காசை எடுத்து நீட்டக்கூடாது என்பதற்காகத்தான் இந்த செய்தி.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வியாசர்பாடியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். மகள் பி.காம் 2-ம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் இருப்பது, அக்கா பிளஸ்-2 படித்தபோது பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்-டாப். அதை ஆன் செய்து விட்டு டீ போட்டு குடித்து விட்டு வந்தாலும் திரை வராது. நடுவில் தானாக ஆப் ஆகிவிடும். மகளுக்கு டேலி பழக வேண்டும், அசைன்மெண்ட் டைப் அடிக்க வேண்டும். கையில் இருப்பது 8 ஆயிரம் ரூபாய். கம்மலை வைத்தால் இன்னும் ஒரு 15 ஆயிரம் புரட்டலாம்.

இப்படி ஒரு வீடு இல்லை, ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. தமிழக அரசின் இலவச லேப்-டாப் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. அதில் வந்த லேப்-டாப்கள் பல வீடுகளில் பரணில் தூங்குகின்றன. சில வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த லேப்-டாப்பை தூக்கிப்போடுவதா, சரி பண்ணுவதா?

முதலில் நோய் என்ன?

டாக்டரிடம் போனால் முதலில் என்ன கேட்பார்? "என்ன பண்ணுது?" என்று தானே. லேப்-டாப்புக்கும் அதே கதைதான். "ஓடலை" என்று பொதுவாக சொன்னால் கடைக்காரர் இஷ்டத்துக்கு ஒரு நோயை சொல்வார்.

முதல் வகை, "ஆன் ஆகுது. ஆனா ஆமை மாதிரி இருக்கு". பழைய லேப்-டாப்பில் அடிக்கடி வரும் புகார் இதுதான். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. உள்ளே தட்டு போல சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஹார்டு டிஸ்க் தான் பெரும்பாலும் காரணம். கீ-போர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற இடத்தில் எந்த நேரமும் 100 சதவீதம் என்று சிவந்து கிடந்தால் குற்றவாளி பிடிபட்டான் என்று அர்த்தம். அந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்து விட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் ஐந்து நிமிடத்தில் வந்த திரை அரை நிமிடத்தில் வந்து விடும்.

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற இடத்தையும் பாருங்க. 4 ஜி.பி. ராம் இருந்து, அதில் முக்கால்வாசிக்கு மேல் எப்போதும் நிரம்பியே இருந்தால் ராமும் போதவில்லை என்று தெரிந்து கொள்ளலாம்.

இரண்டாவது வகை, "ஓடுது. திடீர்னு அணைஞ்சிடுது". அடிப்பக்கத்தில் கை வைத்து பாருங்கள். தோசைக்கல் போல சுட்டால் உள்ளே பேன் முழுக்க தூசி அடைத்திருக்கும். பிராசசர் மேலே தடவிய பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். தூசி தட்டி, பேஸ்ட் மாற்றினால் போதும். இது சின்ன வேலைதான். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் நடையை கட்டுங்கள். தையல் மெஷின் இருக்கும் வீட்டில் நூல் தூசி சீக்கிரம் அடைக்கும். மெத்தை மேலே, தலையணை மேலே வைத்து ஓட்டினாலும் காற்று போகும் துவாரம் அடைபட்டு சூடாகும்.

மூன்றாவது வகை, "ஆன் ஆகவே இல்லை". இங்கே தான் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

இந்த செய்தியை எழுதுபவர் வீட்டிலேயே நடந்த கூத்து இது. ஒருநாள் லேப்-டாப் செத்துப்போனது. பக்கத்து தெரு சர்வீஸ் கடையில் கொடுத்தால், மறுநாள் "மதர் போர்டு அவுட்" என்று தீர்ப்பு சொன்னார்கள். 6 ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். யோசித்து சொல்கிறேன் என்று வாங்கி வந்து, தெரிந்த ஒருவரிடம் அதே பின் உள்ள சார்ஜரை கடன் வாங்கி மாட்டியதும் பட்டென்று ஓடியது. போனது சார்ஜர். போர்டு நன்றாகத்தான் இருந்தது. செக்கிங் சார்ஜ் என்று கொடுத்த 300 ரூபாய் போனது போனதுதான்.

ஆகவே ஆன் ஆகவில்லை என்றால் கடைக்கு ஓடும் முன்பு வீட்டிலேயே சிலவற்றை பார்த்து விடுங்க. சார்ஜரில் விளக்கு எரிகிறதா? வேறு பிளக் பாயிண்டில் போட்டு பார்த்தீர்களா? பேட்டரி வெளியே கழற்றுகிற மாதிரி இருந்தால் சார்ஜரையும், பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஆன் பட்டனை அரை நிமிடம் அழுத்தி பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்யுங்கள். இதிலேயே பல லேப்-டாப்கள் உயிர் பிழைத்திருக்கின்றன.

பேன் சத்தம் கேட்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பாக இருக்கிறதா? செல்போன் டார்ச்சை திரைக்கு கிட்டே பிடித்து பாருங்க. மங்கலாக படம் தெரிந்தால் திரையின் பின்னால் எரியும் விளக்கு மட்டும் போயிருக்கிறது. தெரியாவிட்டால் ஒரு டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டி பாருங்க. டி.வி.யில் படம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது. திரையோ, திரைக்கு போகும் ஒயரோ தான் போயிருக்கிறது. ஹிஞ்ச் என்று சொல்லும் கீல் உடைந்த லேப்-டாப்களில் இந்த ஒயர் அறுந்து போவது சகஜம்.

டி.வி.யிலும் படம் வரவில்லை, வேறு சார்ஜரிலும் ஓடவில்லை, ராமை கழற்றி துடைத்து மாட்டியும் பலன் இல்லை என்றால் தான் போர்டு மேல் சந்தேகப்பட வேண்டும்.

டச்-பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் உஷார்

எந்த லேப்-டாப்பாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. விரல் தேய்க்கும் டச்-பேட் மேலே எழும்பி வந்தாலோ, அடிப்பக்கம் உப்பலாக இருந்து மேஜையில் ஆடினாலோ உள்ளே பேட்டரி வீங்கி விட்டது என்று அர்த்தம். உடனே சார்ஜரை பிடுங்கி விடுங்கள். அமுக்கி பார்ப்பது, குத்தி பார்ப்பது எல்லாம் வேண்டாம். தீப்பிடிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கடையில் கொடுத்து அந்த பேட்டரியை எடுக்க சொல்லுங்கள். "சார்ஜர் போட்டா ஓடுதே" என்று அலட்சியமாக விடுகிற சமாசாரம் இது இல்லை. வீங்கிய பேட்டரியை குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது.

போர்டு போயிருந்தால் என்ன?

போர்டு தான் போயிருக்கிறது என்று இரண்டு கடையில் ஒரே மாதிரி சொன்னால், பழைய லேப்-டாப்புக்கு அந்த செலவை செய்யாமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது. காரணம் இருக்கிறது.

தண்ணீர், டீ கொட்டிய போர்டில் இன்றைக்கு ஒரு இடத்தை சரி செய்தாலும், உள்ளே துரு பிடித்து நாளைக்கு இன்னொரு இடம் போகும். சில கடைகளில் ஹீட் கன் வைத்து சிப்பை சூடு பண்ணி ஓட வைத்து கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம், இரண்டு மாதம் ஓடும். பிறகு பழைய குருடி கதவை திறடி கதைதான். சிப் லெவல் வேலை தெரிந்த நல்ல கைகள் ரிச்சி தெருவில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த கைக்கு கொடுக்கும் கூலியை, பத்து வருஷத்து லேப்-டாப்புக்கு கொடுக்க வேண்டுமா என்பது தான் கேள்வி. எத்தனை மாதம் கேரண்டி, எழுதி கொடுப்பீர்களா என்று கேளுங்கள். எழுதி தர மாட்டேன் என்றால் விஷயம் புரிந்து விடும்.

தண்ணீர் கொட்டி விட்டால் அரிசி மூட்டைக்குள் வைக்க சொல்வார்கள். அதனால் பலன் இல்லை. சார்ஜரை பிடுங்கி, பேட்டரியை எடுத்து, கவிழ்த்து வைத்து, ஆன் பண்ணி பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு கடைக்கு கொண்டு போவது தான் வழி.

காசு எந்த பாகத்தில் போகிறது?

ரிப்பேரா, புதுசா என்று கேட்கும்போது எல்லோரும் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். 5 ஆயிரமா, 25 ஆயிரமா என்று. அதைவிட முக்கியமான கேள்வி, கொடுக்கும் காசு எந்த பாகத்தில் போய் உட்காருகிறது என்பது தான்.

எஸ்.எஸ்.டி. வாங்கி பழைய லேப்-டாப்பில் போடுகிறீர்கள். ஆறு மாதத்தில் லேப்-டாப் செத்துப்போகிறது. எஸ்.எஸ்.டி. சாகவில்லை. அதை கழற்றி நாளைக்கு வாங்கும் டெஸ்க்-டாப்பில் மாட்டலாம். விண்டோசை மட்டும் புதிதாக போட வேண்டி வரும். அல்லது ஒரு சின்ன கேஸ் வாங்கி பென் டிரைவ் போல வைத்துக்கொள்ளலாம். அந்த காசு வீண் ஆகாது.

அதே பணத்தை மதர் போர்டு வேலைக்கு கொடுத்தால், லேப்-டாப் சாகும்போது காசும் கூடவே சாகும். திரை மாற்றுவதும் அப்படித்தான். அந்த மாடல் திரை வேறு லேப்-டாப்புக்கு பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். டெஸ்க்-டாப்புக்கு உதவவே உதவாது.

ராம் நடுவில் நிற்கிற ஆள். லேப்-டாப் ராம் சின்னதாக இருக்கும். டெஸ்க்-டாப் ராம் நீளமாக இருக்கும். ஒன்றில் போடுவது இன்னொன்றில் போகாது. டிடிஆர்-3, டிடிஆர்-4, டிடிஆர்-5 என்று தலைமுறையும் இருக்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. 2025-ம் ஆண்டு கடைசியில் உலகம் முழுக்க ராம் விலை எகிறியது. ஏ.ஐ. கம்ப்யூட்டர் மையங்களுக்காக சிப்களை வாரிக்கொண்டு போனதால் இந்த நிலை. எஸ்.எஸ்.டி. விலையும் கூடவே ஏறியது. அதனால் போன வருஷம் சித்தப்பா மகன் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்கு போகாதீர்கள். அன்றைய விலையை இரண்டு கடையில் கேட்டு விட்டு முடிவு பண்ணுங்கள். பழைய லேப்-டாப்பில் நல்ல ராம் இருந்தால், தூக்கிப்போடும் முன்பு அதை தனியாக விற்க முடியுமா என்றும் கேளுங்கள்.

இன்னொரு தப்பு கணக்கு உண்டு. "புது டெஸ்க்-டாப் 30 ஆயிரம், ரிப்பேர் 7 ஆயிரம் தானே, அப்போ ரிப்பேர் லாபம்" என்பார்கள். அப்படி ஒப்பிடக்கூடாது. உங்கள் லேப்-டாப் போலவே ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய லேப்-டாப் என்ன விலைக்கு கிடைக்கிறது என்று கேளுங்கள். அது 9 ஆயிரத்துக்கு கிடைத்தால், 7 ஆயிரத்துக்கு ரிப்பேர் செய்வதில் அர்த்தம் இல்லை. 2 ஆயிரத்தில் முடிகிற ரிப்பேர் என்றால் யோசிக்காமல் செய்யலாம்.

விண்டோஸ்-10 விவகாரம்

ரிப்பேர் செய்தே தீருவேன் என்று இருப்பவர்கள் இதை கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டும். விண்டோஸ்-10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்த ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியுடன் முடிந்து விட்டது. கூடுதல் பாதுகாப்புக்கு பதிவு செய்தவர்களுக்கும் கெடு 2026-ம் ஆண்டு அக்டோபர் வரை தான் என்று அறிவித்தார்கள். லேப்-டாப் அதற்கு பிறகும் ஓடும். ஆனால் புதிய வைரஸ், ஓட்டைகளை அடைக்கும் அப்-டேட் வராது. அந்த மெஷினில் பேங்க் கணக்கு, ஜி-பே போன்ற பண விவகாரம் வைத்துக்கொள்வது நல்லதல்ல.

விண்டோஸ்-11 போடலாமே என்றால், எல்லா லேப்-டாப்பும் அதை ஏற்காது. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை, அதற்கு மேல் இருக்க வேண்டும். டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும்.

தலைமுறையை எப்படி தெரிந்து கொள்வது? ரொம்ப சுலபம். ஐ-3, ஐ-5 என்பதற்கு பின்னால் ஒரு நம்பர் இருக்கும். 3230 என்று இருந்தால் 3-வது தலைமுறை. 8250 என்றால் 8-வது. 10210 என்று ஐந்து இலக்கமாக இருந்தால் 10-வது. பழைய சாமான் விற்கும் கடையில் "ஐ-5 சார், ஐ-5" என்று மட்டும் கத்துவார்கள். பின்னால் உள்ள நம்பரை கேட்டால் சத்தம் குறையும். 3-வது தலைமுறை ஐ-5-ஐ விட, 10-வது தலைமுறை ஐ-3 பல வேலைகளில் வேகமாக ஓடும்.

விண்டோஸ்-11 ஏற்காத லேப்-டாப்பை லினக்சில் ஓட்டலாம். இதற்கு காசு இல்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று பல உண்டு. அரசு கொடுத்த லேப்-டாப்களில் விண்டோசுடன் சேர்த்து பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது பலருக்கு நினைவு இருக்கும். அதை உருவாக்கியது சென்னையில் உள்ள சி-டாக் மையம். நிறைய பேர் அதை திறந்து கூட பார்த்திருக்க மாட்டார்கள். டைப் அடிக்க, யு-டியூப்பில் பாடம் பார்க்க, இ-மெயில் அனுப்ப லினக்ஸ் தாராளமாக போதும். ஆனால் டேலி விண்டோசுக்காக செய்த சாப்ட்வேர். அதை லினக்சில் நேராக போட முடியாது. பி.காம் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

கடையில் "ஒரிஜினல் விண்டோஸ் போட்டு தர்றேன், 300 ரூபாய்" என்றால் அது ஒரிஜினல் இல்லை. திருட்டு காப்பியை திறக்க போடும் சாவி சாப்ட்வேரிலேயே வைரஸ் வரும்.

டெஸ்க்-டாப் என்றால் பெட்டி மட்டும் இல்லை

சரி, டெஸ்க்-டாப் தான் என்று முடிவு பண்ணிவிட்டீர்கள். கடையில் சொல்லும் விலை பல நேரம் சி.பி.யு. பெட்டிக்கு மட்டும் தான். அதோடு மானிட்டர், கீ-போர்டு, மவுஸ் வேண்டும். வீட்டில் கரண்ட் போனால் பட்டென்று அணைந்து, அடித்துக்கொண்டிருந்த அசைன்மெண்ட் போய்விடும். அதனால் யு.பி.எஸ். வேண்டும். ஆன்-லைன் வகுப்பு என்றால் கேமரா, மைக் தனியாக வாங்க வேண்டும். லேப்-டாப்பில் இது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. லேப்-டாப் பேட்டரி தான் அதன் யு.பி.எஸ்.

பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. அசெம்பிள் செய்யும் டெஸ்க்-டாப்புகள் பலவற்றில் வை-பை இருக்காது. வீட்டில் கொண்டு வந்து வைத்துவிட்டு, செல்போன் ஹாட்-ஸ்பாட்டை காணவில்லையே என்று முழிப்பார்கள். சின்ன வை-பை பின் ஒன்று தனியாக வாங்க வேண்டும். செல்போனை ஒயரில் மாட்டியும் நெட் எடுக்கலாம்.

கரண்ட் செலவையும் பார்க்க வேண்டும். டெஸ்க்-டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் 5 மணி நேரத்துக்கு 2 மாதத்தில் 36 யூனிட் ஆகும். லேப்-டாப் 40 வாட் என்றால் 12 யூனிட் தான். சொந்த மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிசாக தெரியாது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஹவுஸ் ஓனர் கறாராக வசூலிக்கும் வாடகை வீட்டில் தெரியும்.

இடமும் ஒரு பிரச்சினை. ஒற்றை அறை வீட்டில் மேஜை போட இடம் எங்கே? தரையில் சி.பி.யு. வைத்தால், மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று வடசென்னைக்காரர்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயல் மழையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை பார்த்தவர்கள் அவர்கள். லேப்-டாப்பை தூக்கி பரணில் போட்டுவிட்டு கிளம்பலாம்.

இதெல்லாம் சொன்னதால் டெஸ்க்-டாப் மோசம் என்று நினைக்க வேண்டாம். அதே விலைக்கு லேப்-டாப்பை விட வேகம் அதிகம் கிடைக்கும். ஏதாவது ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். எஸ்.எம்.பி.எஸ். போனால் எஸ்.எம்.பி.எஸ்., கீ-போர்டு போனால் கீ-போர்டு. நாலு வருஷம் கழித்து ராம் கூட்டலாம். பெரிய திரையில் படிக்க கண்ணுக்கும் நல்லது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் மாறி மாறி உட்கார்ந்து படிக்கிறார்கள், வீட்டை விட்டு வெளியே எடுத்து போகும் தேவை இல்லை என்றால் டெஸ்க்-டாப் தான் உழைக்கும்.

புதுசு தான் வேண்டும் என்றும் இல்லை. கம்பெனிகளில் சில வருஷம் ஓடிய டெஸ்க்-டாப்களை மொத்தமாக விற்பார்கள். டெல், எச்.பி., லெனோவா என்று பெயர் போட்ட அந்த பெட்டிகள் ரிச்சி தெருவுக்கு வந்து சேரும். வீட்டு வேலைக்கு இவை நன்றாகவே உழைக்கும். 8-வது தலைமுறைக்கு கீழே வாங்காதீர்கள். கடை கேரண்டி எத்தனை மாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

அசெம்பிள் செய்தால் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் மட்டமானதாக போட விடாதீர்கள். அது கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி உண்டு. பில்லில் பாகத்தின் பெயரும், சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். "பில் இல்லாம வாங்கினா ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று ஆசை காட்டுவார்கள். ஆறு மாதத்தில் ரிப்பேர் ஆனால் அந்த மிச்சம் போல பத்து மடங்கு போகும்.

லேப்-டாப்பை கொடுக்கும்போது...

ரிப்பேருக்கு கொடுக்கும்போது கம்ப்யூட்டரோடு சேர்ந்து குடும்பத்தின் போட்டோ, ஆதார் நகல், பாஸ்-வேர்டு எல்லாமே முன்பின் தெரியாத ஒருவர் கைக்கு போகிறது. பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

திரை, கீல், சார்ஜர் பின் போன்ற வேலை என்றால் ஹார்டு டிஸ்க்கை உங்கள் கண் முன்னால் கழற்றி உங்களிடமே தர சொல்லுங்கள். அந்த வேலைகளுக்கு ஹார்டு டிஸ்க் தேவை இல்லை. ஓடுகிற லேப்-டாப் என்றால் முக்கியமான பைல்களை பென் டிரைவில் எடுத்துவிட்டு, ஜி-மெயில், வாட்ஸ்-அப் கணக்குகளில் இருந்து வெளியே வந்துவிட்டு கொடுங்கள். பாஸ்-வேர்டை துண்டு சீட்டில் எழுதி லேப்-டாப் மேலேயே ஒட்டி கொடுக்கும் வேலை வேண்டாம்.

ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். அதில் சீரியல் நம்பர், ராம் எத்தனை ஜி.பி., ஹார்டு டிஸ்க் எவ்வளவு, சார்ஜர் கொடுத்தீர்களா இல்லையா என்று எழுத வேண்டும். 8 ஜி.பி. ராம் போட்ட லேப்-டாப் 4 ஜி.பி.யோடு திரும்பி வந்தால், இந்த சீட்டு இல்லாமல் சண்டை போட முடியாது. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். "பழைய டிஸ்க்கை நாங்களே வச்சுக்கிறோம்" என்றால் விடாதீர்கள். உங்கள் போட்டோக்கள் அதில் தான் இருக்கின்றன.

ஏமாற்றி விட்டார்கள் என்று தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில்லும், ஜாப் ஷீட்டும் கையில் இருக்க வேண்டும்.

வியாசர்பாடி வீட்டுக்கு என்ன வழி?

இப்போது அந்த ஆட்டோக்காரர் வீட்டுக்கு வருவோம். லேப்-டாப் மெதுவாக ஓடுகிறது, நடுவில் அணைகிறது. அப்படி என்றால் போர்டு சாகவில்லை. தூசியும், பழைய டிஸ்க்கும் தான் பிரச்சினையாக இருக்க வேண்டும். கம்மலை தொட வேண்டிய அவசியம் இல்லை.

முதல் நாள் தூசி தட்டி பேஸ்ட் மாற்ற வேண்டும். அதன் பிறகு ஒரு வாரம் ஓட்டி பார்த்து, அணையாமல் இருந்தால் தான் எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய சொல்லி கடையில் அவசரப்படுத்துவார்கள். அவசரம் அவர்களுக்கு தான். 256 ஜி.பி. இருந்தால் படிக்கிற பிள்ளைக்கு போதும். கையில் இருக்கும் 8 ஆயிரத்தில் இந்த இரண்டு வேலையும் முடிந்து மீதியும் நிற்கும்.

மீதி பணத்தில் பேட்டரி மாற்றலாமா, புது கீ-போர்டு போடலாமா என்று தோன்றும். இங்கே தான் ஒரு நடு வழி இருக்கிறது. டெஸ்க்-டாப்பை ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. முதலில் ஒரு மானிட்டர், கீ-போர்டு, மவுஸ் மட்டும் வாங்கி பழைய லேப்-டாப்பிலேயே மாட்டிக்கொள்ளலாம். லேப்-டாப்பின் திரை உடைந்திருந்தாலும், கீ-போர்டு பாதி எழுத்து அடிக்காவிட்டாலும் வேலை நடக்கும். லேப்-டாப் தான் இப்போது சி.பி.யு. மானிட்டர் வாங்கும்போது உங்கள் லேப்-டாப்பில் இருக்கும் ஓட்டை எச்.டி.எம்.ஐ.யா, பழைய வி.ஜி.ஏ.வா என்று பார்த்து அதே ஓட்டை உள்ளதாக வாங்குங்கள். பிறகு தீபாவளி போனசோ, சீட்டு பணமோ வரும்போது சி.பி.யு. பெட்டியை மட்டும் வாங்கினால் போதும். எஸ்.எஸ்.டி., மானிட்டர், கீ-போர்டு எல்லாம் கையில் தயாராக இருக்கும். வட்டிக்கு வாங்கும் தொகை பாதியாக குறையும்.

"வட்டி இல்லாத தவணை" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் பிராசசிங் சார்ஜ் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் அபராதம் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு விட்டு கையெழுத்து போடுங்கள். தவணையில் கொடுக்கும் விலையும், ரொக்கத்துக்கு கொடுக்கும் விலையும் ஒன்றுதானா என்று கேளுங்கள். பல நேரம் வட்டி அந்த வித்தியாசத்தில் தான் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று. 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவ-மாணவிகள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்-டாப் அல்லது டேப்லெட் கொடுக்கும் அறிவிப்பு வெளியானது. உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் யாருக்கு கிடைத்தது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு விட்டு காசை எடுங்கள்.

ரிச்சி தெருவுக்கு மெட்ரோ ரெயிலில் வந்தால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். பறக்கும் ரெயில் என்றால் சிந்தாதிரிப்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொண்டு, வார நாளில் மதியத்துக்கு முன்பே போங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் தான் கடைக்காரர் லேப்-டாப்பை உங்கள் முன்னாலேயே திறந்து காட்டுவார்.